கொடி பறிக்க ஓர் அட்டை

சனிக்கிழமை படகுப் போட்டி. வியாழக்கிழமை காலை வரை லிலிபெத்திடம் அட்டை இல்லை.

போட்டிக் குழு இந்த ஆண்டு ஒரு விதி போட்டிருந்தது. படகில் ஏறும் ஒவ்வொருவரும் அடையாள அட்டை காட்ட வேண்டும். அட்டையில் இந்த மாவட்டத்து முகவரி இருக்க வேண்டும். போன ஆண்டு எதிர்க்கரை ஊர் வெளிமாகாணத்துப் பெண்களைக் கூலிக்குக் கூட்டிவந்து துடுப்புப் போடவைத்ததால் வந்த விதி. அது லிலிபெத்தின் தலையில் விழுந்தது.

அவள் பிலிப்பைன்ஸ்காரி. தாய்லாந்தில் இந்த ஊர்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். டுரியான் பழத்தோட்டக்காரன் தவத்தின் மனைவி. எட்டு ஆண்டுகளாக அவளிடம் இருந்தது கடவுச்சீட்டு மட்டும். அதில் முகவரி கிடையாது.

துடுப்புப் போட ஊரில் பெண்களுக்குக் குறைவில்லை. ஆனால் இந்த ஆற்றில் மூக்கை முதலில் நீட்டும் படகு ஜெயிப்பதில்லை. ஓடும் படகின் முன்முனையில் செதுக்கிய நாகத்தலை மேல் ஏறி, நட்டாற்றில் நிற்கும் கொடியை எவள் பறிக்கிறாளோ அவளுடைய படகுதான் ஜெயிக்கும். போன ஆண்டு கொடி பறித்தவளுக்கு இப்போது ஏழாம் மாதம். இந்த ஆண்டு ஏறிப் பார்த்தவர்களில் வழுக்கி விழாதவள் லிலிபெத் ஒருத்திதான்.

வெளிநாட்டவருக்கென்று இளஞ்சிவப்பில் ஓர் அட்டை உண்டு. வீட்டுப் பதிவில் அவள் பெயரைச் சேர்க்கவே மழைக்காலம் பாதி போய்விட்டது. இனி மிச்சம் ஒன்றுதான். வீட்டுக்காரன், ஊர்த்தலைவர், ஒரு சாட்சி, மூன்று பேரும் மாவட்ட அலுவலகத்துக்கு வந்து இவளைத் தெரியும் என்று சொல்ல வேண்டும்.

சாட்சிக்கு லெக் வந்தாள். லெக் என்றால் சின்னவள். அவள் ஏறியதும் தவத்தின் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பெண்கள் படகுக்கு அவள்தான் தலைவி.

"என்னக்கா, சாட்சி சொல்ல வர்றியா, ஊர்வலத்துக்கு வர்றியா?" என்றான் தவத். லெக் பட்டுச் சட்டை போட்டிருந்தாள்.

"மூடிக்கிட்டு ஓட்டுடா. உன் பொண்டாட்டிக்கு அட்டை வாங்கித் தர்றது நீயில்ல, நான்."

ஊர்த்தலைவர் பூன்சோங் முன்னால் உட்கார்ந்து வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டார். அவருக்கு மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. "அரைமணி நேர வேலை. அங்க எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்கதான்," என்றார்.

அங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அம்மா இருந்தார். தாள்களை ஒழுங்காக அடுக்கினார். தவத்திடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவனையும் லிலிபெத்தையும் வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். சன்னல் திறந்திருந்தது. உள்ளே பேசுவது முழுதும் கேட்டது.

"இவங்கள எத்தனை வருஷமா தெரியும்?"

"கல்யாணத்துலேர்ந்து. பந்திக்குக் குழம்பு வெச்சதே நான்தாங்க," என்றாள் லெக்.

"முழுப் பேரு சொல்லுங்க."

"குங்."

"அது கூப்பிடற பேரு. முழுப் பேரு?"



"டீச்சர் குங்," என்றாள் லெக்.

லிலிபெத் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்த புதிதில் அவள் இறாலைத் தலையோடு தின்றதைப் பார்த்து ஊர் வைத்த பெயர் குங். இறால் என்று அர்த்தம். அதன் பிறகு அவளுடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. அவளும் யாருடைய சொந்தப் பெயரையும் கேட்டதில்லை. இங்கே பிறந்த கையோடு ஒரு சின்னப் பெயர் ஒட்டிக்கொள்ளும். முழுப் பெயர் பள்ளிக்கும் சுடுகாட்டுக்கும்தான்.

தலைவரின் முறை வந்தது.

"பேரா? தவத் பொண்டாட்டிங்க."

"அப்பா பேரு? அம்மா பேரு?"

"அவங்க அந்த நாட்டுல இருக்காங்க."

"எந்த நாட்டுலன்னாவது தெரியுமா?"

"மணிலா."

"அது ஊரு."

அதிகாரி பேனாவை மூடி வைத்தது வெளியே கேட்டது. லிலிபெத் எழுந்து உள்ளே போனாள்.

"பேரு, அப்பா அம்மா பேரு, நாடு. சாட்சிக்கு இது தெரியணும்," என்றார் அதிகாரி. "தெரியலன்னா நான் கையெழுத்துப் போட முடியாது. நாளைக்கு ஆபீஸ் லீவு. திங்கக்கிழமை வேற ஆளுங்களோட வாங்க."

"சனிக்கிழமை போட்டிங்க மேடம்."

"என்ன போட்டி?"

"படகு. நான் கொடி பறிக்கணும்."

அதிகாரி முதல் தடவையாக அவளை முழுதாகப் பார்த்தார். குட்டையான உடம்பு. தோட்டத்தில் கயிறு பிடித்துக் காய்த்த கை. சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார்.

"நான் சாப்பிடப் போறேன்," என்றார். "ஒரு மணிக்கு வருவேன். வந்து இதே கேள்வியத் திரும்பக் கேப்பேன். கேக்கறது என் வேலை."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நால்வரும் ஒரு கணம் நின்றார்கள். பிறகு ஓடினார்கள்.

எதிரே அரிசி நூடுல்ஸ் கடை. மீன்குழம்பு ஊற்றி நான்கு தட்டு வந்தது. யாரும் தொடவில்லை.

"சொல்லு," என்றாள் லெக். "மெதுவா."

"லிலிபெத் சோலினாப் மக்பானுவா."

"இன்னொரு தடவ."

"லிலிபெத். சோலினாப். மக்பானுவா."

"லிலிபெத்... சொப்பனாப்..."

"சோலினாப். எங்கம்மா வீட்டுப் பேரு."

"உங்கம்மா வீட்டுப் பேர உள்ள எதுக்குடி சொருகி வெச்சிருக்க? பேரா இது, ரயில் வண்டியா?" லெக் தவத்தின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடா. கட்டிக்கிட்டவன்தானே?"

தவத் குழம்பைக் கிளறினான். "லிலிபெத்... மக்பானுவா."

"நடுவுல?"

"கல்யாணத்தன்னிக்குக் கையெழுத்துதான்க்கா போட்டேன். மனப்பாடம் பண்ணல."

லிலிபெத் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு அப்பா பெயரில் இறங்கியிருந்தார். "வென்ஸ்... வென்ஸ்லேஸ்..."

"வென்செஸ்லாவ், தலைவரே."

"உங்கப்பனுக்கு ஒரு சின்னப் பேரு கூடவா இல்ல?"

"இருக்கு. டோடோங்."

"அத எழுதிக்குடுத்திருந்தா என்ன கேடு?"

மணி பன்னிரண்டரை. லெக்கின் நெற்றியில் வியர்வை. படகில் அவள் பாட்டுக் கட்டி ஆட்களை இழுப்பவள். ஒரு வரியையும் மறந்ததில்லை. இந்த மூன்று சொல் அவள் நாக்கில் நிற்கவில்லை. தோற்ற கோபத்தில் கரண்டியால் மேசையில் ஓர் அடி அடித்தாள். இன்னோர் அடி. கை தானாகத் துடுப்புப் போடும் வேகத்துக்கு வந்தது.

"லிலி-பெத்! ஹுய்! சோலி-நாப்! ஹுய்! மக்-பா-னுவா! ஹுய்!"

தட்டுகள் குதித்தன.

"வந்துடுச்சு!" என்று கத்தினாள் லிலிபெத். "அக்கா, வந்துடுச்சு! இன்னொரு தடவ!"

லெக் அடித்தாள். தலைவரும் அடித்தார். வென்செஸ்-லாவ், ஹுய். தவத் கத்தினான். கடைக்காரி கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஹுய் போட்டாள். வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்காரர்கள் நின்று பார்த்தார்கள். லிலிபெத்துக்குச் சிரிப்பும் படபடப்பும் சேர்ந்து வந்தன. அவளுடைய முழுப் பெயரை இந்த மண்ணில் இத்தனை பேர் ஒன்றாகக் கத்துவது இதுதான் முதல் தடவை.

ஒரு மணிக்கு அதிகாரி வந்தார். லெக்கை உட்காரவைத்தார். இந்த முறை லிலிபெத் பெஞ்சில் உட்காரவில்லை. சன்னலோரம் நின்றாள்.

"முழுப் பேரு?"

லெக் மேசைக்கடியில் தொடையில் தட்டத் தொடங்கினாள்.

"கைய மேல வைங்க."

லெக் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். கை நின்றதும் பெயரும் நின்றது. லிலிபெத் சன்னல் கம்பியைப் பிடித்தாள்.

லெக்கின் தோள்கள் அசைந்தன. முன்னால் சாய்ந்தாள், பின்னால் இழுத்தாள். நாற்காலி கிறீச்சிட்டது.

"லிலி-பெத். சோலி-நாப். மக்-பா-னுவா."

ஹுய்யை மட்டும் விழுங்கிக்கொண்டாள். அது முகத்தில் தெரிந்தது.

அதிகாரி குனிந்து எழுதினார். நிமிர அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "அப்பா பேரு?"

"அது தலைவர் பொறுப்புங்க. நான் அம்மா பேரு. புரீத்தா. நாடு பிலிப்பைன்ஸ். மணிலா ஊரு மட்டும்தான்."

தலைவர் வென்செஸ்லாவை இல்லாத பற்களின் வழியே ஊதிவிட்டார். அது போதுமாயிருந்தது. படம் எடுத்தார்கள். விரல்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் அழுத்தச் சொன்னார்கள். இயந்திரம் முனகி அட்டையைத் துப்பியது. இளஞ்சிவப்பு. இன்னும் சூடு. தாய்லாந்து எழுத்தில் அவள் பெயர். கீழே வீட்டு எண், ஊர், மாவட்டம்.

லிலிபெத் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை விடியலில் மழை பெய்து விட்டிருந்தது. ஆறு கலங்கி வேகமாக ஓடியது. கரையில் கூடாரங்கள், ஒலிபெருக்கி, ஓலையில் பொதிந்த பசையரிசி விற்பவர்கள். குழுவின் மேசை முன்னால் படகுக்காரிகள் அட்டையோடு வரிசையில் நின்றார்கள்.

மேசைக்காரர் லிலிபெத்தின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன கலரு?"

"வெளிநாட்டுக்காரங்க அட்டை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எதிர்க்கரைப் படகின் தலைவி. "அண்ணே, அவ பிலிப்பைன்ஸ். ஆளக் கெளப்புங்க."

"உனக்கு எரியுதா?" என்றாள் லெக்.

"விதின்னா விதி. வெளியாள் ஏறக்கூடாது."

மேசைக்காரர் விதித் தாளை எடுத்து வாய்க்குள்ளேயே படித்தார். மறுபடியும் படித்தார்.

"நாட்டப் பத்தி இதுல ஒண்ணும் இல்லியே. அட்டை இருக்கணும், முகவரி இந்த மாவட்டமா இருக்கணும். அவ்வளவுதான்." அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார். "இருக்கு. ரெண்டாம் வார்டு." தலையைத் தூக்கினார். "அப்புறம் பாருங்க, இந்த விதி வந்ததே உங்களாலதான்."

வரிசை முழுதும் சிரித்தது. எதிர்க்கரைத் தலைவியும் வேறு வழியில்லாமல் சிரித்தாள். "சரி, ஆத்துல பாத்துக்கறேன்," என்றாள்.

ஆற்றில் முதல் சுற்றே அவர்களோடுதான் விழுந்தது.

லிலிபெத் நாகத்தலையில் சுற்றிய பட்டுத்துணியைத் தொட்டு, படகில் குடியிருக்கும் தெய்வத்தாயிடம், மேலே ஏறப் போகிறேன், பொறுத்துக்கொள் என்றாள். பிறகு சிலுவையும் போட்டுக்கொண்டாள். வெடி வெடித்தது.

பின்னால் துடுப்புகள் ஒன்றாக இறங்கின. லெக்கின் குரல் முதுகில் அடித்தது. படகு தூக்கித் தூக்கிப் போட்டது. வலப்பக்கம் எதிர்க்கரைப் படகு அரை ஆள் நீளம் முந்தியிருந்தது. அவர்களுடைய கொடிக்காரி நெடிய கைக்காரி. அவள் ஏறத் தொடங்கினாள்.

"இப்ப இல்ல!" லெக் கத்தினாள். "இப்ப இல்ல! இப்ப!"

லிலிபெத் ஏறினாள். மரம் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கியது. முழங்கால்களால் கவ்விக்கொண்டாள். பூமாலையைத் தாண்டினாள், கொம்பைப் பிடித்தாள், கீழே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்துக்கு வந்தாள். கொடி எதிரே பெரிதாகிக்கொண்டே வந்தது. நெடியவளின் கை அதற்கு முன்பே நீண்டிருந்தது. இவளுடைய கை அத்தனை தூரம் போகாது. இன்னும் இரண்டு துடுப்பு வேண்டும். இரண்டு துடுப்புக்கு நேரமில்லை.

அவள் கொம்பை விட்டுவிட்டுக் குதித்தாள்.

கம்பு உள்ளங்கையில் பட்டது. மூடினாள். வேறு விரல்கள் அவள் விரல்களின் மேல் உரசிப் போயின. பிறகு ஆற்றில் விழுந்தாள்.

தண்ணீருக்கடியில் எதுவும் கேட்கவில்லை. படகு தலைக்கு மேல் கறுப்பாகக் கடந்தது. மேலே வந்ததும் முதலில் கையைத் தூக்கினாள், அப்புறம்தான் மூச்சு விட்டாள். கரை முழுதும் இரைந்தது. நடுவரின் படகிலிருந்து ஒருவர் அவள் பக்கம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். கொடியின் சிவப்புத் துணி ஈரத்தில் அவள் முகத்தில் ஒட்டியது. அவள் அதை விலக்கவில்லை. சிரித்துக்கொண்டே தண்ணீரைக் குடித்தாள்.

லெக் படகைத் திருப்பி அவளிடம் கொண்டுவந்தாள். துடுப்பை நீட்டினாள்.

"ஏறுடி சீக்கிரம். இன்னும் ரெண்டு சுத்து இருக்கு."