அரைப்பவளைக் கேட்காத நோட்டு

முடிச்சூர் லாசரஸ் புள்ளியியல் துறையில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவர். ஜனங்கள் சொல்வதை நம்பக் கூடாது, வாங்குவதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் தன் வீட்டுக்கு எதிர்வரிசையில் செல்லம்மாவின் இட்லி மாவுக் கடையில் யார், எப்போது, எத்தனை பாக்கெட் வாங்குகிறார்கள் என்று ஏழு வருஷமாக நோட்டில் எழுதிவந்தார்.

அதிசயம் அதில்தான் அகப்பட்டது. தினம் ஒரு பாக்கெட் வாங்கும் அபிதகுஜாம்பாள் மாமி, இரண்டு வாங்கிய மறுநாளெல்லாம் தெருவில் வெள்ளம். ஒன்பது தடவை வாங்கினாள், ஒன்பது தடவையும் வெள்ளம். டி.வி. மழை என்று மிரட்டியதைக் கேட்டுத் தெருவே முண்டியடித்து மாவு வாங்கும். அன்றும் மாமி ஒன்றோடு போய்விட்டால் மறுநாள் வெயில் பல்லைக் காட்டும். மாமி இரண்டு வாங்குகிற நாளில் லாசரஸ் பேசாமல் ஸ்கூட்டரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிடுவார்.

நாளை மகள் எப்சியின் கல்யாண வரவேற்பு. கீழ் ஹாலா, மாடி ஹாலா என்று இன்று ஆறு மணிக்குள் மண்டபத்துக்குச் சொல்லியாக வேண்டும். மாடியில் பாதிப் பேர்தான் உட்காரலாம். வானத்திலோ ஒரு பொட்டு மேகம் இல்லை.

ஐந்தரைக்கு மாமி பையோடு வந்தாள். வாங்காமல் நின்றாள். லாசரஸ் பொறுக்க மாட்டாமல் இறங்கிப் போனார்.

“மாமி, ஒண்ணா, ரெண்டா?”

“அதுக்குத்தானே நிக்கறேன். நீங்க வண்டிய எடுத்தா நான் ரெண்டு வாங்குவேன். கவர்மென்ட் ஆபீஸர், உங்களுக்குத் தெரியாததா?”

அவளைப் பார்த்து அவர் வண்டியை எடுக்க, அவரைப் பார்த்து அவள் இரண்டு வாங்கியிருக்கிறாள். லாசரஸ் நோட்டைப் புரட்டினார். ஒன்பது முறையும் இரு காரியங்களும் ஒரே நிமிஷத்தில் நடந்திருந்தன. வானத்தை இருவருமே பார்க்கவில்லை. ஆனால் வெள்ளம் வந்திருக்கிறது.

“இன்னா சார், மூஞ்சிய மூஞ்சி பாத்துகினு நிக்கிறீங்க? இன்னிக்கு மாவு வேற ஜாஸ்தியா கீது” என்றாள் செல்லம்மா.

“ஏன் ஜாஸ்தி?”

“தெரில சார். சில நாள் கை தானா அரிசி, உளுந்த ரெண்டு படி சேத்து அள்ளி ஊறப் போட்டுடுது. நம்ம கிரைண்டர்ல கொள்ளாம பக்கத்து வூட்ல போய் அரைக்கிறேன். பேஜாரு.”

“எத்தன தடவ அப்படி?”

“இன்னியோட பத்து.”

ஏழு வருஷமாக வாங்குகிறவர்களையே எண்ணியவர், அரைக்கிறவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. முழங்கைவரை மாவு அப்பியிருந்த அந்தக் கையை அவர் கோயிலில் நிற்பதுபோல் நின்று பார்த்தார். பிறகு எப்சிக்குப் போன் போட்டார்.

“மாடி ஹால்னு சொல்லிடும்மா.”

“மீதிப் பேர உங்க தலைலயா உக்கார வெக்கிறது? டேட்டா என்னப்பா சொல்லுது?”

“உளுந்து ஊறிடுச்சும்மா.”

மறுநாள் மாலை கீழ் ஹாலில் இடுப்பளவு தண்ணீர். பூ அலங்கார வளைவு மிதந்து வாசல்வரை போய், விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு திரும்பியது. மாடியில் எப்சி சொட்டு ஈரம் படாத பட்டுப்புடவையில் மேடையேறினாள். வெள்ளத்தைத் தாண்டி வந்து சேர்ந்தது பாதிப் பேர்தான். ஒருவரும் நிற்கவில்லை, ஒரு நாற்காலியும் காலியில்லை. லாசரஸ் எண்ணிப் பார்க்கத் துணியாமல் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.