பருத்திக் காட்டில் பச்சைத் தீ

ஆமத்தூருக்கு மேற்கே சொர்ணலட்சுமிக்கு முக்கால் ஏக்கர் கரிசல் காடு. மூன்று வருஷமாக அவள் பருத்தி எடுத்த பின் நிற்கும் காய்ந்த செடியை, அதாவது மாரை, எரிப்பதில்லை. வெட்டி மண்ணிலேயே மூடாக்காகப் பரப்பிவிடுவாள். இந்த வருஷம் கிழக்கு மூலையில் மட்டும் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. காடு முழுக்கப் பரவிவிடுமே என்று அந்த மாரைப் பிடுங்கிக் குவித்து, பொழுது சாயும் நேரத்தில் தீ வைத்தாள்.

கொஞ்ச நேரம் சாதாரணமாகத்தான் எரிந்தது. பிறகு குவியலுக்கு அடியில் தரை சீறியது. தீயின் அடிப்பாகம் பச்சையாக மாறியது.

அவள் பின்னால் நகர்ந்தாள். திருத்தங்கல் பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். வாணத்துக்குப் பச்சை நிறம் தரும் அந்த உப்பைக் கையால் அள்ளியவள். அது தன் மண்ணுக்குள் எப்படி வந்தது என்றுதான் விளங்கவில்லை.

அவள் கணவன் முனியராஜ் இப்போதும் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். அப்போதுதான் பைக்கை நிறுத்திவிட்டு வந்தவன், தீயைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏங்க, இங்கன என்னத்தக் கொட்டுனீக?"

"கம்பெனில கூட்டுன தூசி. வெதைப்புக்கு முன்னால ஆறு மூடை போட்டேன்." அவன் தீயையே பார்த்துச் சொன்னான். "நைட்ரேட்டு இருக்கு, யூரியா மாதிரித்தான்னு போர்மேன் சொன்னாரு. நீ உரமே வாங்க மாட்டேங்குற. வெளஞ்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மூலையில்தான் கார்த்திகையில் பருத்திக்கு ஊடே தண்டுக்கீரை போட்டிருந்தாள். வாரம் இரண்டு தடவை வீட்டில் அந்தக் கீரைதான்.

மறுநாள் இருவரும் மண்ணை எடுத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த பர்ஹத் என்ற பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எழுதுவதை நிறுத்தினாள்.

"இது உரமில்ல அக்கா, விஷம். மொதல்ல ஆஸ்பத்திரியில காட்டுங்க. அந்த மூலையில திங்கிற எதையும் வெதைக்காதீக." பிறகு முனியராஜைப் பார்த்தாள். "வேற யாரு காட்டுலயும் கொட்டியிருக்கா?"

சொர்ணலட்சுமியும் அவன் பக்கம் திரும்பிய பிறகுதான் அவன் சொன்னான்.

"மல்லாங்கிணத்துல காடு வச்சிருக்க ரத்தினசாமிக்கு நாந்தான் குடுத்தேன். பத்து மூடை."

ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போகலாம் என்று அங்கிருந்தே இருவரும் பைக்கில் கிளம்பினார்கள்.

ரத்தினசாமி கிணற்றடிப் பாத்தியில் பாசிப்பயறு பறித்துக்கொண்டிருந்தார். விஷயத்தை முனியராஜையே சொல்ல வைத்தாள். அவர் கேட்டு முடித்து, மடியில் கட்டியிருந்த பயற்றங்காயை அவிழ்த்துத் தரையில் கொட்டினார்.

"நேத்துத்தான மகளுக்கு ரெண்டு படி குடுத்து விட்டேன்," என்றார்.

"போனப் போடுங்க. அதச் சமைக்க வேண்டாம்னு சொல்லுங்க," என்றாள் சொர்ணலட்சுமி.

அவர் போனை அவளிடமே நீட்டினார். எண்ணை அவள்தான் அழுத்திக் கொடுத்தாள். மகள் இன்னும் மூட்டையை அவிழ்க்கவில்லை.

பதினெட்டு நாள் கழித்து மண் பரிசோதனை முடிவு வந்தது. மூலையில் நான்கு சென்ட் கெட்டிருந்தது, மற்ற இடம் பிழைத்திருந்தது. முனியராஜ் அந்த மேல்மண்ணை ஒரு அடிக்கு வெட்டிச் சாக்கில் கட்டினான். கம்பெனி அதைத் திரும்ப வாங்க மறுத்தபோது, வாசலில் போய் நின்றது சொர்ணலட்சுமிதான். மூன்றாம் நாள் எடுத்துக்கொண்டார்கள்.