வேங்கைமொட்டையின் சம்மதம்

வேங்கைமொட்டையில் கைபேசிக் கோபுரம் கிடையாது. அந்த வேலையைச் சொரிமுத்துதான் பார்த்துவந்தான்.

பாபநாசத்துக்கு மேலே, அணையையும் தாண்டி, வண்டிப்பாதை தானாகவே அலுத்துப்போய் நின்றுவிடுகிற இடத்தில் இருக்கிறது அந்தக் காணிக்காரர் குடியிருப்பு. ஊர்த்தலைவருக்கு மூட்டுக்காணி என்று பெயர். அவர் கூட்டம் போட நினைத்தால் விளிகாணியிடம் சொல்வார். விளிகாணி ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக நின்று பெயர் சொல்லி விளிப்பான். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து "ஆங்" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் வந்தாக வேண்டும்; காய்ச்சல், கல்யாணம் எதுவும் செல்லாது. எல்லா வீடும் குரல் கொடுத்த பிறகே மூட்டுக்காணி உட்காருவார். விளிக்காமல் கூடினால் அதற்குக் கூட்டம் என்று பெயரில்லை, கும்பல்தான்.

சொரிமுத்துதான் விளிகாணி. வயது முப்பத்திநாலு. தொண்டைக்கு அதைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கும்.

அந்த ஆடியில் ஊருக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நின்றது. புலிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் குடியிருப்பைக் கீழே இறக்கி, விக்கிரமசிங்கபுரத்துக்கு அந்தப்பக்கம் வரிசையாகக் காலனி வீடு கட்டித் தரலாம் என்று ஒரு திட்டம். புலிகளை யாரும் கேட்கவில்லை. ஆனால் காணிகளைக் கேட்டாக வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஊரில் பாதிப் பேராவது கூடி, சம்மதமா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஆள் கூடாவிட்டால், 'ஆட்சேபம் தெரிவிக்க எவரும் வரவில்லை' என்று எழுதி மேலே அனுப்பிவிடலாம் என்பது அதிகாரி நாறும்பூநாதனின் வியாக்கியானம். அவர் கெட்ட மனிதர் இல்லை. கோப்பு என்றால் அது நகர வேண்டும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். மனிதர்களும் அப்படியே நகர்ந்துகொண்டால் அவருக்குச் சௌகரியம்.

சொரிமுத்து ஒருமுறை அந்தக் காலனி மனையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சுவரோடு சுவர் ஒட்டி வீடு. அங்கே யாரையும் விளிக்க வேண்டாம். இருமினால் போதும், ஊரே வந்துவிடும். அன்றிரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டத்துக்கு அதிகாரி குறித்த நாள் ஆகஸ்டு ஒன்பது, பிற்பகல் மூன்று மணி. அதற்கு முன்பே அந்த நாள் விற்றுப்போயிருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி, உலகப் பழங்குடியினர் நாளைக் கொண்டாட ஊரையே அழைத்திருந்தது. பேராசிரியர் எலியேசர் நேரிலேயே மலையேறி வந்து, மூட்டுக்காணியின் குடிசைக்கு எதிரே நின்று, "நமச்சிவாயம் ஐயா! இருக்கியளா?" என்று கூப்பிட்டார். உள்ளே கிழங்கு தின்றுகொண்டிருந்த மூட்டுக்காணி, நினைவில்லாமல் "ஆங்" என்றுவிட்டார். அப்புறம் என்ன செய்ய? தலைவர் குரல் கொடுத்தால் ஊரே கொடுத்த மாதிரி. பேராசிரியருக்குத் தெரியாமலே ஊர் கட்டுப்பட்டுவிட்டது.

"ரெண்டு மணிக்குள்ள திரும்பிரலாம் தம்பி. வேனு நம்ம வேனு" என்று எலியேசர் சொரிமுத்துவின் கையைப் பிடித்துச் சொன்னார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் நடத்தும் விழாக்கள் சொன்ன நேரத்தில் முடிவதில்லை என்பது சொரிமுத்துவுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவன் கல்லூரிக்குப் போனதில்லை.

விழா, வரவேற்புரைக்கு வரவேற்பு சொல்வதில் தொடங்கியது. மேடையில் 'அழியும் மொழிகளைக் காப்போம்' என்று பெரிய பதாகை. அதன் கீழே காணி மொழிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஜெமிமா என்ற மாணவி, நாடகக் கம்பெனியில் வாடகைக்கு எடுத்த இலைப் பாவாடைகளோடு வந்தாள்.

சொரிமுத்துவின் மனைவி முத்துராணி ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். "இது என்ன எலைம்மா?"

"பிளாஸ்டிக்குக்கா. அழுக்கானா தொவைச்சிக்கிடலாம்."

"காட்டுக்குள்ள பிளாஸ்டிக் கொண்டுபோவப்பிடாதுன்னு செக்போஸ்ட்ல எங்க பையெல்லாம் ஒதறிப் பாக்காவ. இதக் கட்டிக்கிட்டுப் போனா எங்களையே உள்ள விடமாட்டாவளே, தாயி."

ஜெமிமா அரைக்கணம் யோசித்தாள். பிறகு பாவாடைகளை மடித்து ஒரு நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டாள். "நீங்க சேலையிலேயே ஆடுங்கக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

சிறப்பு விருந்தினராக வரவேண்டிய பெரிய அதிகாரிக்குச் சென்னையில் வேலை வந்துவிட்டது. அவருக்குப் பதிலாக வந்து மாலை வாங்கிக்கொண்டவரைச் சொரிமுத்து எட்டிப் பார்த்தான். நாறும்பூநாதன்! தமக்கும் காட்டுக்கும் உள்ள பந்தத்தைப் பற்றி அவர் உருகிப் பேசினார். மாமனார் மரக்கடை வைத்திருக்கிறாராம்.

பேச்சு முடிந்து தேநீர் வந்தபோது சொரிமுத்து பைய அவர் அருகில் போனான்.

"சார், இன்னைக்கு மூணு மணிக்கு எங்க ஊர்ல கூட்டமுல்லா?"

"ஆமா. அது பாட்டுக்கு நடக்கும். கிளார்க் செந்தூர்பாண்டி ஜீப்ல அங்கன போயாச்சி."

"நாங்க எல்லாரும் இங்கனல்லா சார் இருக்கோம்?"

"அப்ப ஆளு வரலன்னு எழுதிருவான். நீரு ஒண்ணும் கவலைப்படாதயும். இன்னைக்கு ஒங்க நாளுவே! நல்லா ஆடும்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொரிமுத்து தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தான். அவன் மூட்டுக்காணியிடம் போய் விஷயத்தைச் சொன்னான். அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "நா ஒரு 'ஆங்' சொன்னதுக்கு இவ்வளவு வெலையா" என்றார். பிறகு மேடையைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், விளிகாணியைப் பார்த்தார். "ஏலே, விளி" என்றார்.

அந்த நேரம் ஒலிபெருக்கி, "அடுத்ததாக, பழங்குடியினரின் பாரம்பரிய நிகழ்ச்சி" என்றது.

சொரிமுத்து ஜீன்ஸோடும் கட்டம்போட்ட சட்டையோடும் மேடையேறினான். மைக்கை ஓரமாகத் தள்ளிவைத்தான். ஓடைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்பதற்காக வளர்ந்த தொண்டை அது. முதல் விளி எழுந்தபோது மின்விசிறிகளே ஒருகணம் தயங்கியதுபோல் இருந்தது.

"ஆத்தோரத்து வீடே!"

கடைசி வரிசையிலிருந்து "ஆங்!" வந்தது. ஒரு குடும்பம் எழுந்து, கைக்குழந்தையோடு நடந்து வந்து மேடையேறித் தரையில் உட்கார்ந்தது. மாணவர்கள் கை தட்டினார்கள்.

"பலாமூட்டு வீடே! கண்ணன் வீடே!"

"ஆங்! ஆங்!"

ஒவ்வொரு வீட்டுக்கும் கைதட்டல் கூடிக்கொண்டே போனது. நாறும்பூநாதனும் தட்டினார். பக்கத்திலிருந்த எலியேசரிடம், "நல்ல கட்டுக்கோப்பான கூத்து சார்" என்றார். மேடை நிறைந்ததும் மூட்டுக்காணி நடுவில் உட்கார்ந்து பேசினார். தமிழும் மலையாளமும் பிரிவதற்கு முன்பே தனியாகக் கிளம்பிவிட்ட மாதிரியான பேச்சு அது. பாதி புரிந்தது. புரிந்த பாதியில் 'காலனி' என்ற சொல் இருந்தது. அதிகாரியின் கை, தட்டுவதற்கு விரிந்த நிலையிலேயே நின்றுவிட்டது.

மூட்டுக்காணி திரும்பி எல்லோருக்கும் புரிகிற தமிழில் கேட்டார்: "அதிகாரி ஐயா, ஊரு கூடியாச்சி. பாதிக்கு மேலயே இருக்கோம். நீங்களும் இருக்கிய. இனி ஆளு வரலன்னு எப்பிடி எழுதுவிய?"

 ஐந்நூறு கைபேசிகள் உயர்ந்தன.

நாறும்பூநாதன் எழுந்தார். "ஊர்க்கூட்டம்னா ஊர்லதான் நடக்கணும். பாளையங்கோட்டை மேடையில நடந்தா செல்லாதுவே."

"அது நெசந்தான்" என்று மூட்டுக்காணி உடனே ஒப்புக்கொண்டார். "அப்ப ஊருக்குப் போவோம். நீங்களும் வாங்க."

"எனக்கு மத்தியானம் ஆபீஸ்ல வேல கெடக்கு. நான் செந்தூர்பாண்டிகிட்ட சொல்லிருதேன், எதையும் எழுதாதன்னு." அவர் கைபேசியை எடுத்து அழுத்தினார். ஒரு பெண் குரல், நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. மறுபடி அழுத்தினார். அதே பெண்.

"அங்கன டவர் கெடையாது சார்" என்றான் சொரிமுத்து. "நாந்தான் போயிச் சொல்லணும். நான் சொன்னா அவரு கேப்பாரா?"

கேட்கமாட்டார். அது நாறும்பூநாதனுக்கே தெரியும். அப்படித்தான் அவரைப் பழக்கியிருந்தார்.

எலியேசர் தொண்டையைச் செருமினார். சற்று முன்பிருந்தே அவர் முகம் சிவந்து சிவந்து வெளுத்துக்கொண்டிருந்தது. தான் கூப்பிட்ட கூப்பாட்டின் கதையை அப்போதுதான் முத்துராணி அவருக்குச் சொல்லி முடித்திருந்தாள். "சார், வேன்ல முன்சீட்டு காலியா இருக்கு" என்றார். "நன்றியுரைய நான் ஒத்திவச்சிருதேன்." அந்தக் கல்லூரியின் சரித்திரத்தில் நன்றியுரை ஒத்திவைக்கப்பட்டது அதுவே முதல்முறை. கீழேயிருந்து ஜெமிமா, "போங்க சார்!" என்று கத்தினாள். அரங்கமே அதைப் பிடித்துக்கொண்டது. கழுத்தில் மாலையோடு நாறும்பூநாதன் வேனில் ஏறினார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது செந்தூர்பாண்டி பலாமரத்தடியில் உறங்கிக்கொண்டிருந்தார். மூன்று மணி ஆகியிருக்கவில்லை. ஆனாலும் 'எவரும் வரவில்லை' என்பதைக் காலையிலேயே எழுதி முடித்திருந்தார். அதிகாரி அதை அடிக்கச் சொன்னார். கிளார்க் ஒருமுறை ஊரைப் பார்த்தார், ஒருமுறை மாலையைப் பார்த்தார், கோடு போட்டு அடித்தார்.

சொரிமுத்து மறுபடி விளித்தான். மறுபடி கூடினார்கள். மூட்டுக்காணி ஒவ்வொரு வீடாகக் கேட்டார். சம்மதம் இல்லை. சம்மதம் இல்லை. மிளகுக்கொடி போட்டு இப்பத்தான் காய்க்குது, சம்மதம் இல்லை. கண்ணன் வீடு வந்தபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குச் சம்மதம்" என்றான். "பிள்ளைக்கு நெஞ்சு வலி. ஆசுபத்திரிக்குப் பக்கத்துல இருக்கணும்."

முத்துராணி வெடுக்கென்று திரும்பினாள். சொரிமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. கண்ணன் பிள்ளையைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய நாட்களில் தூளியின் ஒரு முனை இவன் தோளில்தான் இருந்தது.

"கேட்டது சம்மதமான்னு. அவன் சொல்லிட்டான்" என்றார் மூட்டுக்காணி. "அதையும் எழுதுங்க சார்."

நாறும்பூநாதன் பேனாவைத் தானே வாங்கி எழுதினார். இத்தனை வருட வேலையில், கேள்விக்கு இரண்டு விதமான பதில் வரும் என்பதை அவர் படித்திருந்தாரே தவிர, காதால் கேட்டதில்லை.

கடைசியாக விளிகாணியின் வீடு. எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கட்டிப்போயிருந்தது. "நான் கீழ வந்தா என்ன செய்வேன்னு தெரியல சார்" என்றான் சொரிமுத்து. "இங்கன ஒரு வீட்டுக்கு ஒண்ணுன்னா நாந்தான் மொதல்ல போயி நிப்பேன். அங்கன நான் யாருக்கும் தேவைப்பட மாட்டேன், என்னைய யாரும் தேடமாட்டாவ. சம்மதம் இல்ல." அவன் அவ்வளவு பேசி ஊர் கேட்டதில்லை. முத்துராணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

வேன் அப்போதே கீழே போய்விட்டிருந்தது. எழுதி முடித்து ஜீப்பைக் கிளப்பினால், பாதையின் குறுக்கே ஒற்றை யானை நின்றுகொண்டிருந்தது. ஆரன் அடித்தால் நகரும் சாதி இல்லை. வெயில் இறங்கிவிட்டது. ஜீப் பின்னாலேயே திரும்பி வந்தது.

முத்துராணி கையைத் துடைத்துக்கொண்டு நாறும்பூநாதனிடம் வந்தாள். "சார், ராத்திரி இங்க எங்க வீட்டுல தங்கச் சம்மதமா?"

"வேற வழி என்னம்மா இருக்கு?"

"அப்பிடிச் சொன்னா சம்மதம் ஆவாதுல்லா சார். விருப்பம் இல்லன்னா சொல்லுங்க, ஆளு தொணைக்கி அனுப்பி, யானையச் சுத்திக்கிட்டு மாத்துப்பாதையில ஒங்களக் கொண்டுபோயி விடச் சொல்லுதேன்."

அதிகாரி மாலையைக் கழற்றி ஜீப்பின் முன்கண்ணாடியில் மாட்டினார். அடுப்பில் கிழங்கு வேகும் வாசனை வந்தது. 

"சம்மதம்மா" என்றார்.