மேப்பிள் கிரோவ் மாலின் காலைச் சுற்று

டெல்பர்ட் காலைப் பெஞ்சின் மேல் தூக்கி வைத்து, ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டார்.

"வரட்டுமா, ஆமை? பாதியிலே நின்னுடாதே."

"உன் வேலையைப் பாருய்யா. இன்னிக்கு பான்கேக் நீதான் சுடப்போறே," என்றாள் ஆர்லீன்.

அவர் இடப்பக்கம் போனார், அவள் வலப்பக்கம். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். வெளியே ஒஹாயோவின் ஜனவரிப் பனி. கடை திறக்க மூன்று மணி நேரம் இருக்கும்போதே, வயதானவர்கள் நடப்பதற்காகப் பக்கக் கதவைத் திறந்துவிடுவார்கள். எதிரெதிராகக் கிளம்பி நீரூற்றருகே ஒருவர் கையில் ஒருவர் தட்டிவிட்டுக் கடக்க வேண்டும். நின்றாலோ திரும்பினாலோ தோல்வி. தோற்றவர் சமைக்க வேண்டும். அவளை நிற்கவைக்க, விதியை மீறி டெல்பர்ட் எங்காவது ஒளிந்துகொள்வதும் உண்டு.

1975-இல் மால் திறந்த அன்று, கல்யாணமாகி ஒரு மாதமான அவர்கள் எஸ்கலேட்டரில் ஏறவே வரிசையில் நின்றார்கள். பிறகு இங்கேயே ஷூ கடையில் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. முதலில் இசைத்தட்டுக் கடை போனது. அப்புறம் பொம்மைக் கடை, உணவகம், கடைசியில் ஷூ கடை. நீரூற்றும் வற்றி, அதில் பிளாஸ்டிக் செடிகளை வைத்துவிட்டார்கள்.

இன்று ஆர்லீன் அந்தச் செடிகளருகே வந்தபோது அவர் இல்லை. எப்போதும் அவர்தானே முந்தி வருவார்? நிற்காமல் நடந்தாள். பழைய ஷூ கடையின் இறக்கிய ஷட்டருக்குப் பக்கத்தில், தூண் மறைவில், வெள்ளை ஷூவின் முனை தெரிந்தது.

அப்பாடா என்றிருந்தது. "நல்லா ஒளிஞ்சே போ! நான் நிக்க மாட்டேன்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கடந்து போனாள்.

சுற்றை முடித்துக் கதவருகே வந்து திரும்பிப் பார்த்தாள். எந்தப் பக்கமிருந்தும் அவர் வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பதிலுக்கு அவர் சிரிக்கவே இல்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. வந்த வழியே ஓடினாள்.

காவலாளி டார்னெல் அவருடைய மார்பை அழுத்திக்கொண்டிருந்தான். "கிட்ட வராதீங்கம்மா, ஆம்புலன்ஸ் வருது... எத்தனை நேரமா இப்படிக் கிடக்கிறார்?"

அவள் தரையில் உட்கார்ந்து அந்த வெள்ளை ஷூவைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவர் உடைமைகளை மட்டும் பையில் போட்டுக் கொடுத்தார்கள். ஷூக்களை நாடா அவிழ்க்காமலே உருவியிருந்தார்கள். இப்போது வீட்டு வாசலில், அவளுடைய ஷூக்களின் பக்கத்தில் இருக்கின்றன. இரட்டை முடிச்சு அப்படியே இருக்கிறது.