ஊதாப் பவளத்தின் மதிய நேரம்

என் ஊதாப் பவளம் அடியிலிருந்து உரிய ஆரம்பித்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். கூடத்துக் கடல்நீர்த் தொட்டியில் ஆறு வருடம் வளர்த்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் படர்ந்து, நுனியெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கும். இப்போது அடித்தண்டில் தோல் கழன்று வெள்ளை எலும்பு தெரிந்தது. அதற்கு முன்பே சின்னப் பவளங்கள் சில இதே மாதிரி போய்ச் சேர்ந்திருந்தன.

என் பவளம் என்று சொன்னாலும் அதன் தாய், தைதுங் ஊரில் ஃபாங் அண்ணன் வீட்டில் இருந்தது. அவர்தான் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். தொட்டி வைத்திருக்கும் எங்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். நல்ல பவளம் கிடைத்தால் ஒரு துண்டை இன்னொரு வீட்டில் விட்டு வைப்போம். நம்மிடம் செத்தால் அங்கிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். போன மாதப் புயலில் மின்சாரம் போய் அவருடையது செத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை துண்டு வாங்க வருகிறேன் என்று சொல்லியிருந்தார். உலகத்தில் அந்த வம்சத்தில் மிச்சம் இருந்தது என் வீட்டுப் பவளம் ஒன்றுதான். அதைச் சாகவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

காவ்சியுங் நகரத்தில் நான் காலை உணவுக் கடை நடத்துகிறேன். முட்டை அடை, சோயாப்பால். விடியுமுன் அடுப்பு மூட்டி, மதியம் கடையைச் சாத்தி, வீட்டுக்கு வந்து படுக்கையறையில் ஏசியைப் போட்டு விழுந்தால் சாயங்காலம்தான் எழுவேன். தொட்டியைக் கவனிப்பதெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. அன்றும் தண்ணீரைக் குப்பியில் எடுத்துச் சோதனைச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தேன். எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தது.

"உப்பு சரியா இருக்கு, சுண்ணாம்பு சரியா இருக்கு. பின்ன என்ன கேடு இதுக்கு?" என்றேன்.

என் கணவன் ஷெங்-யி சோபாவில் கால் நீட்டி பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னைக் கேக்கறியா, மீனைக் கேக்கறியா?"

"மீனைத்தான். அதுவாவது திரும்பிப் பாக்கும்."

விடுவதாக இல்லை. அலை கிளப்பும் மோட்டாரைப் பிரித்தேன். உள்ளே காந்தம் வெடித்துத் துருப்பிடித்திருந்தது. கிடைத்தான் திருடன் என்று புது மோட்டார் போட்டுத் தண்ணீரையும் பாதி மாற்றினேன். வெள்ளை இன்னும் ஒரு விரற்கடை ஏறியது. தண்ணீரில் மின்சாரம் கசிகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்துத் தண்டைச் சுற்றிப் புழு தேடினேன், இல்லை. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இருந்தது. தினமும் கதவைத் திறந்து, அதன் வலையை உருவிக் கழுவி மாட்டுவேன். உறுமிக்கொண்டு நன்றாகத்தான் ஓடியது. தண்ணீர் இருபத்தேழு டிகிரி. கோடையில் அது சகஜம்.

சனிக்கிழமை கடையில் அடையைத் திருப்பிப் போடும்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் பார்க்கிற நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. அப்படியானால் கேடு நான் பார்க்காத நேரத்தில் நடக்கிறது.

அன்று மதியம் படுக்கவில்லை. பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். கண் எரிந்தது, கழுத்தில் வியர்வை ஓடியது. ஆள் இல்லாத கூடத்தில் நாங்கள் ஏசி போடுவதில்லை. வெயில் பால்கனிக் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தது. தொட்டி விளக்கும் முழுதாக எரியும் நேரம். திடீரென்று வீடு அமைதியானது. சில்லர் நின்றுவிட்டது.

அலமாரிக் கதவைத் திறந்தேன். அடுப்பைத் திறந்தது போல் முகத்தில் அனல் அடித்தது. சில்லர் காற்று இழுக்கும் வலைக்கு முன்னால், வலையை முழுசாக மூடிக்கொண்டு, பச்சைப் பொட்டலம் நின்றது. தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

பச்சைப் பொட்டலம் இல்லாத இயந்திரம் எங்கள் ஊரில் எது? தேங்காய்ச் சுவை மொறுமொறுப்புத் தின்பண்டப் பொட்டலம். அதை வைத்தால் இயந்திரம் சொன்ன பேச்சுக் கேட்டு ஓடும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வங்கி வரை வைக்கிறார்கள். பச்சையாக இருக்க வேண்டும், தேதி முடிந்திருக்கக் கூடாது. தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிற ஷெங்-யி இதில் ரொம்பக் கறார். முன்பு இருந்தது சின்னப் பொட்டலம். சில்லரின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. தேதி முடிந்ததும் குடும்பப் பொட்டலமாக வாங்கி வந்தான். மேலே இடம் போதாமல் முன்னால் சாய்த்து வைத்தான். மதிய வெயிலில் மூச்சுத் திணறி, சூடேறி, சில்லர் நின்றுவிடும். அவன் வந்து கூடத்து ஏசியைப் போட்டதும் ஆறி, மறுபடி ஓடும். பவளம் உரிந்ததும் அந்தப் பொட்டலம் வந்த பிறகுதான்.

தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரி. பொட்டலத்தைத் தூக்கி எறிந்து, கூடத்து ஏசியைப் போட்டுவிட்டு ஷெங்-யிக்கு போன் செய்தேன்.

"உன் மெஷின் எதுக்காவது மூக்கைப் பொத்தி வெப்பியா நீ?"

"என்ன உளர்ற?"

சொன்னேன்.

"நீ தினமும் கதவைத் தொறக்கறியே," என்றான். "உன் கண்ல படலையா?"

பட்டது. தினமும் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வலையைக் கழுவி மாட்டி, மறுபடி அதே இடத்தில் பயபக்தியோடு நிற்க வைத்தவள் நான்தான். போனை வைத்தேன்.

வெள்ளை பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. இனிக் காத்திருந்தால் நுனி வரை போகும். உயிருள்ள கிளைகளை உடனே வெட்டித் தனியே நட வேண்டும். அவன் வந்ததும் தட்டைப் பிடிக்கச் சொன்னேன். குறடு வைத்து முதல் கிளையை நறுக்கினேன். அழுதுகொண்டேதான் வெட்டினேன், ஆனால் நிறுத்தவில்லை. அவன் தட்டோடு அசையாமல் நின்றான்.

ஞாயிறு காலையில் பார்த்தபோது உயிரோடு மீந்தவை நான்கு துண்டுகள்.

ஃபாங் அண்ணன் ஐஸ் பெட்டியோடு வந்தார். தொட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன முதலாளியம்மா, தோட்டத்துல ஆடு புகுந்துச்சா?" என்றார்.

பொய் தயாராக வைத்திருந்தேன். விஷயம் வெளியே போனால் தொட்டி வைத்திருக்கும் எங்கள் குழுவில் வருடம் முழுக்க ஷெங்-யியை வறுத்தெடுப்பார்கள். "சில்லர் பழசுண்ணே," என்றேன்.

"இல்லண்ணே, நான்தான் கொன்னேன்," என்றான் ஷெங்-யி. ஒன்று விடாமல் சொன்னான்.

ஃபாங் அண்ணன் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப் போய் வீட்டுக்கு போன் போட்டார். "நம்ம சில்லர் முன்னால பொட்டலம் ஏதாவது இருக்கா பாரு."

அவர் மனைவியின் குரல் எங்களுக்கே கேட்டது. "இருக்கு. கரண்டு வந்தப்போ நான்தான் புதுசா வெச்சேன். ஏன், எடுத்தா மெஷின் கோவிச்சுக்காதா?"

"எடு, எடு," என்றார். பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "புயல்ல போச்சுன்னுதான் நெனச்சேன். கரண்டு வந்து ஒரு வாரம் உயிரோட இருந்துச்சு, தெரியுமா." கொஞ்சம் கழித்து, "துண்டு வேண்டாம். என் வீட்ட நம்பி இப்போ எடுத்துட்டுப் போக மாட்டேன்," என்றார்.

"நாலும் ஒரே வீட்டுல இருந்தா நாளைக்கே ஏதாவது ஆச்சுன்னா?" என்றேன். "ரெண்டு எடுத்துட்டுப் போங்க."

"செத்துடும்மா."

ஷெங்-யி எழுந்து போய் டூல் பையை எடுத்து வந்தான். "உங்க மெஷினைப் பிரிச்சுப் பாத்துடறேன். ரெண்டு நாள் லீவு போட்டு நானும் மதியத்துல அது முன்னால உக்காந்திருக்கேன். வாங்கண்ணே, ரயிலுக்கு நேரமாச்சு."

மீனுக்குத் தீனி போடக்கூட எழாதவன், இரண்டு துண்டுகளைப் பையில் போட்டுக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படி இறங்கினான். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவன்மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததே இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன். தொட்டியில் மிச்சம் இரண்டு துண்டு. மதிய வெயில் பால்கனிக் கண்ணாடியைத் தாண்ட ஆரம்பித்திருந்தது. தூக்கம் கண்ணைச் சுழற்றியது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தேன்.