ஸ்மோட் என்றார் தேவநேசன்

1

இந்தக் கதை ஒரே ஒரு வினைச்சொல்லிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'அடித்தேன்' என்பதற்குப் பழைய ஆங்கில ஜெபப் புத்தகங்களில் 'ஸ்மோட்' என்று ஒரு சொல் உண்டு. பேச்சில் அது எப்போதோ செத்துவிட்டது. அது உயிரோடிருப்பதாக நம்பிய ஒருவர் எனக்குத் தேவைப்பட்டார்.

2

மூவார் ஆற்றின்மேல் காலை வெயில்... [அழித்துவிட்டேன். வெயிலை வைத்து எத்தனை கதை தொடங்குவது?]

1926. மலாயாவில், மூவார் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் தேவநேசன். மிஷன் பள்ளியில் ஜெபப் புத்தகங்களை உரக்கப் படித்தே ஆங்கிலம் கற்றவர். யாராவது பேசினால் 'ஸ்போக்' அல்ல, 'ஸ்பேக்'; உதவினால் 'ஹெல்ப்ட்' அல்ல, 'ஹோல்ப்'. அன்று கூண்டில் நின்றவள் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் பேச்சியம்மாள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியை வாளியால் அடித்ததாக வழக்கு.

"கையப் புடிச்சு இழுத்தாருங்க. விடுங்கன்னேன், விடல. அடிச்சேன்."

"ஐ ஸ்மோட் ஹிம்," என்றார் தேவநேசன், கணீரென்று.

புதிதாக வந்திருந்த வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் சிரித்தார். அவர் சிரித்ததால் வக்கீல்களும் சிரித்தார்கள். (தமிழில் ஒருவர் 'புடைத்தனென்' என்று சாட்சி சொன்னால் நாமும்தானே சிரிப்போம்?) மாஜிஸ்திரேட் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, மறுபடியும் சிரித்தார்.

3

தேவநேசனைக் கோமாளியாக்கிவிட்டேனோ என்று பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். பேச்சியம்மாள் யோசிக்கவில்லை.

"என் கையப் புடிச்சதுல என்னாங்க சிரிப்பு?"

அதையும் மொழிபெயர்ப்பதுதான் தேவநேசனின் வேலை. காது எரிந்தது. பழஞ்சொல் எதையும் தேடாமல், சின்னப் பிள்ளையின் ஆங்கிலத்தில் சொன்னார்: அவர் என் கையைப் பிடித்தார். நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்?

மாஜிஸ்திரேட்டின் முகம் சிவந்தது. அதன்பின் கிராணியைத்தான் குடைந்தார். கேட்கக் கேட்க அவன் வாக்குமூலம் முன்னுக்குப்பின் முரணானது. வழக்கு தள்ளுபடி. [முந்தைய வரைவில் அவளைச் சிறைக்கு அனுப்பியிருந்தேன். மனம் கேட்கவில்லை.]

4

வாசலில் அவள் அவரை மறித்தாள்.

"ஐயா, நெசத்தச் சொல்லுங்க. என்னைப் பாத்தா சிரிச்சாங்க?"

'இல்லை, என் இங்கிலீஷைப் பார்த்து' என்றால் அவள் மனம் ஆறும். ஆனால் படிக்கட்டில் தமிழ் தெரிந்த குமாஸ்தாக்கள் நிற்கிறார்கள். பொழுது சாய்வதற்குள், அவர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட கதை மூவார் முழுக்கப் பரவிவிடும். சொல்லாவிட்டாலோ, அந்தச் சிரிப்பைத் தோட்டம்வரை அவள்தான் சுமக்க வேண்டும்.

தேவநேசன் கண்ணாடியைக் கழற்றினார். "பேச்சியம்மா," என்று தொடங்கினார்.

இதற்குப் பிறகு நான் எழுதிப் பார்த்த பதில்களெல்லாம் அவருடைய மானத்தைத்தான் காப்பாற்றுகின்றன. அவளுடையதை அல்ல. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவர் இடத்தில் நீங்கள் நின்றால் என்ன சொல்வீர்களோ, அதை எழுதுங்கள்.

அவள் இன்னும் போகவில்லை.