தாம்பூலப் பையில் போன மூன்று கொம்பன்

எதிர்வீட்டு தட்சிணாமூர்த்தியைப் பற்றிச் சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன், கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவரே பிற்பாடு சிரித்தவர்தான்.

தொலைபேசி இலாகாவில் அவருக்கு வேலை. காலையில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறிப் பீச் வரை போவார். சாயங்காலம் அலுவலகம் விட்டதும் நேரே வீட்டுக்கு வரமாட்டார். பீச் ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் வெளிநாட்டுச் சாமான் விற்கிற பர்மா பஜார். மற்ற ஆண்கள் அங்கே டேப் ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் விலை கேட்பார்கள். இவர் போய், "புதுசா டைனோசர் வந்திருக்கா?" என்று கேட்பார்.

விளையாட்டுப் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி யாராவது சொல்லிவிட்டால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். கெட்டி ரப்பரில் வார்த்து, தோல் சுருக்கம், நகம், நாக்கு வரைக்கும் கையால் வர்ணம் தீட்டிய வெளிநாட்டு உருவங்கள். எல்லாம் எந்தக் காலத்திலோ பூண்டோடு செத்துப்போன மிருகங்கள். உள்ளங்கையில் நிற்கும். வாங்குவதற்கு முன்னால் பூதக்கண்ணாடியை எடுத்துக் கால்விரல்களை எண்ணுவார். ஒரு விரல் கூடினாலும் குறைந்தாலும் வேண்டாம். பச்சைப் பசேலென்று பல்லைக் காட்டும் ஒன்றைக் கடைக்காரர் நீட்டினால், "இது எந்தக் காலத்திலயும் இருந்ததில்லைங்க" என்று பதமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படிச் சலித்துச் சலித்து எடுத்ததில், எண்பத்தைந்தாம் வருஷம் தொடங்கி ஒன்பது வருஷத்தில் சேர்ந்தது பதினாலே பதினாலு.

அதில் முதலில் வாங்கியது மூன்று கொம்பன். காண்டாமிருகம் போல உடம்பு, கிளி மூக்கு, கழுத்துக்குப் பின்னால் முறம் விரித்த மாதிரி எலும்பு, முகத்தில் மூன்று கொம்பு. அதன் இங்கிலீஷ் பெயரை அவர் வாய் நிறையச் சொல்வார். என் வாயில் அது நுழையாது. பிள்ளை குட்டி இல்லாத மனிதர். பதினாலும் பிள்ளைகள் என்றால் அதுதான் அவருக்குத் தலைச்சன்.

தொண்ணூற்று நாலில் நவராத்திரி வந்தது. அவர் மனைவி திரிபுரசுந்தரி ஹாலில் ஒன்பது படி கொலு கட்டுகிறவள். அதற்கு ஷோகேஸ் நகர வேண்டும், ஷோகேஸ் நகர்ந்தால் அதற்குள் இருக்கிற பதினாலும் இறங்க வேண்டும். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, பிஸ்கட் அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அதற்கு முதல் நாள்தான் சுந்தரி, கொலுவுக்கு வருகிற பெண்களுக்குக் கொடுப்பதற்காகத் தாம்பரம் மார்க்கெட்டில் இரண்டு டஜன் குங்குமச் சிமிழ் வாங்கியிருந்தாள். கடைக்காரர் ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார். அதுவும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

சிரிக்கிறீர்கள், புரிந்துவிட்டது.

கொலுவுக்கு வந்த பெண்களுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி, கூடவே ஒரு பொட்டலம் என்று பையில் போட்டுக் கொடுத்தாள் சுந்தரி. யாரும் அங்கேயே பிரித்துப் பார்ப்பதில்லை, அது மரியாதையும் இல்லை. முதல் இரண்டு நாளில் பதினொரு பேர் வந்து போனார்கள்.

மூன்றாம் நாள் காலையில் யூனிஸ் டீச்சர் கேட்டருகே வந்து நின்றாள். பக்கத்துத் தெரு, பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கிறவள்.

"சுந்தரி, நேத்து நீங்க குடுத்த ஸ்டெகோசாரஸ் ரொம்ப அருமை. எங்க சயின்ஸ் ரூம்ல வெக்கப் போறேன். எந்தக் கடையில வாங்கினீங்க?"

"என்ன சாரஸ் டீச்சர்?"

"அதாங்க, முதுகுல தட்டுத் தட்டா இருக்குமே."

உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த தட்சிணாமூர்த்தி பாதி முகத்தில் சோப்போடு வாசலுக்கு வந்தார். டீச்சரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், திரும்பிப் போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"மூணுதான் இருக்கு."

டீச்சர் விஷயம் புரிந்து பதறிப் போனாள். "கடவுளே, நான் இப்பவே எடுத்துட்டு வந்துடறேன்."

"வேணாம் டீச்சர்," என்றாள் சுந்தரி. "நவராத்திரியில குடுத்த தாம்பூலத்தைத் திருப்பி வாங்கறதாவது. குடும்பத்துக்கு ஆகாது."

"தாம்பூலம்னா வெத்தலை பாக்கு," என்றது கட்டில். "ஸ்டெகோசாரஸ் எப்படித் தாம்பூலம் ஆகும்?"

"பையில போட்டா எல்லாம் தாம்பூலந்தான். ஏங்க, நீங்க யார் வீட்டு வாசல்லயும் போய்க் கேட்கக் கூடாது. என் மேல சத்தியம்."

கட்டிலுக்கு அடியிலிருந்து சோப்பு முகம் எட்டிப் பார்த்தது. பிறகு கேட்டார்: "போய்ப் பார்க்கலாமா?"

"கொலு பார்க்க யார் வேணா போகலாம்."

அன்றைக்கே பதினொரு பேர் பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார். "அக்கா, உங்களுக்கு எது வந்துச்சு? நான் கேட்கலை. சும்மா தெரிஞ்சுக்கறேன்."

நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "தம்பி, நான் அதைப் பிரிச்சே பார்க்கலை. நேத்துச் சாயங்காலம் பள்ளிக்கரணை சாமுண்டீஸ்வரி வந்தா. அப்படியே அவ பையில போட்டுக் குடுத்துட்டேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால்தான் பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கிற ஒரு ரகசியத்தை அவரிடம் சொன்னேன். தாம்பூலத்தில் வருகிற ரவிக்கைத் துணியை யாரும் தைத்துப் போடுவதில்லை. ஒரு வீட்டில் வாங்கியதை அடுத்த வீட்டில் கொடுப்போம். போன வருஷம் நான் சுந்தரிக்குக் கொடுத்த வாடாமல்லி நிறத் துணி ஐந்து வீடு சுற்றிவிட்டு, மடிப்புக் கலையாமல் எனக்கே திரும்பி வந்தது.

"அப்ப என்னோடதும் வருமா?" என்றார்.

"வராம? அதை வெச்சுக்கிட்டு எந்தப் பொம்பளை என்ன பண்ணுவா?"

அவருக்கு ஒரு கண்ணில் சந்தோஷமும் ஒரு கண்ணில் கோபமுமாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. மற்ற வருஷங்களில் சுந்தரி கொலு பார்க்கக் கிளம்பினால், ராத்திரிச் சாப்பாடு என்ன ஆகும் என்று முணுமுணுக்கிற மனிதர், இப்போது ஐந்து மணிக்கே அவளுடைய பட்டுப்புடவையை எடுத்து வைத்துக்கொண்டு நிற்பார். "கிளம்பலையா? இன்னிக்கு மூணு வீடாவது போகணும். பள்ளிக்கரணை போயிட்டு வந்துடேன், பஸ் இருக்கு." அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பை அவர் கைக்குப் போய்விடும். சீப்பு, கண்ணாடி, பிளாஸ்டிக் டப்பா, மறுபடியும் சீப்பு. ஐந்தாம் நாள், உடம்பெல்லாம் மயிர் தொங்குகிற கம்பளி யானை வந்தது. ஆறாம் நாள் இரண்டு. என் கையை விட்டுப் போனது சாமுண்டீஸ்வரியிடமிருந்து மேடவாக்கம் போய், அங்கிருந்து சேலையூர் வந்து, ஏழாம் நாள் வீடு சேர்ந்தது. அவர் போகாத ஊரெல்லாம் அது பார்த்துவிட்டு வந்தது. அடுத்த இரண்டு நாளில் இன்னும் நாலு வந்து சேர்ந்தன.

ஓய்வுபெற்ற ஸ்ரீரங்கன் வீட்டில்தான் கொஞ்சம் சிக்கல். அந்த வீட்டம்மா பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். கொலு நேரத்தில் வந்தது கொலுவுக்குத்தான் என்று கீழ்ப்படிக்கு முன்னால் போட்ட பார்க்கில் நிறுத்திவிட்டாள். கொலுவில் வைத்ததை விஜயதசமி வரை நகர்த்தக் கூடாது. நானும் அவரும் போனபோது, அவருடைய நீளக் கழுத்து மிருகம் கழுத்து முழுக்க மல்லிகைச் சரம் சுற்றிக்கொண்டு, ஒரு மண் பசுவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

"ஒட்டகச்சிவிங்கி லட்சணமா இருக்கு இல்ல?" என்றாள் அந்த அம்மா.

தட்சிணாமூர்த்தியால் பொறுக்க முடியவில்லை. "சார், இதுவும் பசுவும் ஒரே காலத்துல இருந்ததில்லை சார். பதினஞ்சு கோடி வருஷம் வித்தியாசம்."

ஸ்ரீரங்கன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "மேல் படியில பாருங்க. ராமரும் கிருஷ்ணரும் தோளோட தோள் நிக்கறாங்க. அவங்க மட்டும் ஒரே யுகமா?"

அதோடு விடவில்லை, கொலு பார்க்க வந்தவர் பாடித்தான் ஆக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். அவருக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைப் பாட்டு ஒன்றுதான். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு முழுசாகப் பாடினார். முடிந்த பிறகும் யாராவது உட்காரச் சொல்வார்கள் என்று நின்றுகொண்டே இருந்தார். விஜயதசமிக்கு மறுநாள் ஸ்ரீரங்கன் தாமே நடந்து வந்து, "இந்த வருஷம் பாட்டுக்கு முதல் பரிசு" என்று நீளக் கழுத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். யூனிஸ் டீச்சர் அதற்கு முன்பே, பூந்தித் தட்டோடு ஸ்டெகோசாரஸை வைத்து, "இது நான் குடுக்கற பரிசு, திருப்பிக் குடுக்கறதா நினைக்காதீங்க" என்று சொல்லி நீட்டியிருந்தாள். பரிசை வாங்கிக்கொள்ளலாம், அதில் தோஷமில்லை என்று சுந்தரியும் ஒத்துக்கொண்டாள்.

இப்படிப் பதினொன்றில் பத்து வந்துவிட்டது. வராதது மூன்று கொம்பன் மட்டும்.

பட்டியலில் மிச்சமிருந்த பெயர் பச்சையம்மா. ஏரிக்கரைப் பக்கம் பழைய வீடு, ஒரு காலத்தில் எங்கள் தெரு மனையெல்லாம் அவர்கள் நிலம். அவர்கள் வீட்டில் கொலு வைக்கிற வழக்கமில்லை. கொலு இல்லாத வீட்டுக்குள் போன தாம்பூலம் வெளியே வராது. "நான் வரலை, நீங்க வாய்தவறிக் கேட்டுடுவீங்க" என்று சுந்தரி மறுத்துவிட்டதால், அடுத்த வெள்ளிக்கிழமை நான் துணைக்குப் போனேன்.

நுழைந்ததுமே தெரிந்தது. சாமி அலமாரியில், சிவன் படத்துக்கு நேர் முன்னால் மூன்று கொம்பன். மூன்று கொம்பிலும் குங்குமம், முற எலும்பில் விபூதிப் பட்டை, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பளபளத்தது. எண்ணெயைப் பார்த்ததும் தட்சிணாமூர்த்தி சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடினார்.

"வாங்க சார், குந்துங்க," என்றாள் பச்சையம்மா. "இன்னா அப்பிடிப் பார்க்கிறீங்க? நம்ம நந்தியையா?"

"அது நந்தி இல்லைம்மா."

"கொம்பு கீது, நாலு காலு கீது, செவனப் பார்த்துகினு நிக்குது. பின்ன இன்னாவாம்?"

"மூணு கொம்பும்மா."

"ஒண்ணு கூடத்தானே கீது. கொறையலியே சார்."

பிறகு அவளே விவரம் சொன்னாள். மகன் சிட்டிபாபு தண்ணீருக்காக மனையில் மூன்று இடத்தில் போர் போட்டானாம். மூன்றிலும் வெறும் கல்தூள் புகைதான் வந்ததாம். "எனுக்கு சோறே எறங்கல சார். சுந்தரி வூட்லேந்து இத்த எடுத்தாந்து பொட்டு வெச்சேன். அன்னிக்கே நாலாவது எடத்துல தண்ணி. இளநி கணக்கா கீது. குடிச்சுப் பாருங்க."

செம்பு நிறையக் கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இது ஒரு மிருகம், இந்த நாட்டிலேயே இருந்ததில்லை, ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் பூண்டோடு அழிந்துவிட்டது என்று.

"எவ்ளோ வருசம்?"

"ஆறரைக் கோடி."

பச்சையம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அலமாரிக்கு முன்னால் போய்க் கை குவித்தாள். "அவ்ளோ பழைய சாமியா சார். எனுக்குத் தெரியவே தெரியாதே." இன்னொரு கட்டி கற்பூரத்தை எடுத்து ஏற்றினாள்.

சிரித்துவிடக் கூடாதே என்று நான் தொடையைக் கிள்ளிக்கொண்டேன்.

மறு வெள்ளிக்கிழமை அவர் ஒரு யோசனையோடு என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். பாரிமுனையில் வாங்கிய பித்தளை நந்தி, அசல், இரண்டே கொம்பு. "இதாம்மா நிஜ நந்தி. இதை நீங்க வெச்சுக்கிட்டு..." என்று தொடங்கியவருக்குச் சத்தியம் நினைவுக்கு வந்து வாய் நின்றுவிட்டது. அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி, மூன்று கொம்பனுக்குப் பக்கத்தில் வைத்தாள். "நல்ல மனசு சார் ஒங்களுக்கு. பாவம், ஒண்டியா நின்னுகினு இருந்திச்சு. தொணை கெடச்சிது பாருங்க."

திரும்பி வரும்போது ஏரி முனையில் நின்று சொன்னார்.

"அக்கா, எண்ணெய் பட்டா ரெண்டு வருஷத்துல பெயிண்ட் உரிஞ்சிடும்."

"கேட்டுடேன் தம்பி. சத்தியத்துக்கு நான் சுந்தரிகிட்ட சொல்லிக்கறேன்."

"கேட்டா குடுத்துடுவாங்க அக்கா, அதான் பேஜார். குடுத்துட்டு, தண்ணி நின்னுடுமோன்னு தினம் அந்த போரையே எட்டிப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு வருஷம்கூடத் தாங்காது. மூக்கு ஓரம் இப்பவே வெளுத்திருக்கு."

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பொட்டலம் பஞ்சும், மெல்லிசு பிரஷ் ஒன்றும், பூதக்கண்ணாடியுமாக, என்னையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார்.

"அம்மா, இந்தச் சாமிக்கு எண்ணெய் ஆகாது."

"ஐயையோ, நான் ஊத்திகினே இருந்தேனே சார். பின்ன இன்னா செய்யணும்?"

"ஈரப் பஞ்சால துடைக்கணும். அதுவும் பழக்கப்பட்டவங்கதான் துடைக்கணும்."

"அப்பிடிப்பட்டவங்களுக்கு நான் எங்க போறது?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்குப் பழக்கம் உண்டு. ஒன்பது வருஷமா."

பச்சையம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "சிட்டிபாபு, பூசாரி சாருக்கு ஒரு மணை போடு," என்றாள்.

அவர் மணையில் உட்கார்ந்தார். மூன்று கொம்பனை இரண்டு கையாலும் இறக்கி மடியில் வைத்து, சுருக்கம் சுருக்கமாக எண்ணெயை ஒற்றி எடுத்தார். பூதக்கண்ணாடியைப் பிடித்துக் கால்விரல்களை எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தது போலிருக்கிறது, முகம் தெளிந்தது. கொம்புகளில் அவரே திரும்பக் குங்குமம் வைத்தார். மறுபடியும் அலமாரியில், முகம் கொஞ்சம் வெளிச்சத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பி நிறுத்தினார்.

நிமிர்ந்து பார்த்தால், பின்னால், சாமி விஷயம் கேள்விப்பட்டு வந்த நாலு பெண்கள் விபூதிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அதில் இரண்டு பேர் வீட்டில் போர் போட வேண்டியிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். விபூதித் தட்டை எடுத்தார், ஒவ்வொரு கையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்.